மலைப்பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியருக்கு: பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்ப்பது எப்படி?

மதிப்பீடு என்றதும் வினாத்தாள், சிவப்பு மை, மதிப்பெண் பட்டியல் என்றுதான் மனது ஓடும். ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அது அவ்வளவாக உதவாது. வாசிக்கவே தெரியாத பிள்ளையிடம் வினாத்தாளைக் கொடுத்தால் வெற்றுத் தாள்தான் திரும்பி வரும், அதிலிருந்து உங்களுக்கும் ஒன்றும் தெரியாது. நீலகிரியில் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஏதோ ஒரு ஈராசிரியர் பள்ளிக்கு முதல் பணியிடமாக வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரே கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பிள்ளைக்கு நாளைக் காலையில் நான் என்ன சொல்லித்தர வேண்டும்? இதற்குப் பதில் கொடுக்கிற எதுவும் மதிப்பீடுதான். அந்தப் பதிலைக் கொடுக்காவிட்டால், எத்தனை படிவம் நிரப்பினாலும் வகுப்பறையில் எதுவும் மாறாது.

இங்கே உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மலைப்பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் குறைவு, மொத்தப் பள்ளியிலும் இருபது முப்பது பேர் என்பது சாதாரணம். சமவெளியில் ஒரு வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு திணறுகிற ஆசிரியரால் செய்ய முடியாததை, அதாவது ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பதை, உங்களால் செய்ய முடியும்.

முதல் இரண்டு வாரம்: தேர்வு வேண்டாம், கேளுங்கள்

பள்ளி திறந்ததும் புத்தகத்தின் முதல் பாடத்துக்குப் போய்விடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு பிள்ளைகள், ஆளுக்கு ஐந்தாறு நிமிடம், ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பிள்ளையின் விரல் எந்த எழுத்தில் நிற்கிறது என்று தெரியும். அந்த நேரம் மற்றவர்கள் படம் வரையட்டும், பயிற்சி நூல் செய்யட்டும், பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குக் கதை சொல்லட்டும். முதல் கேள்வி பாடமாக இருக்கக் கூடாது. காலை உணவுக்கு இன்று என்ன போட்டார்கள், வீட்டில் நாய் இருக்கிறதா, வருகிற வழியில் யானைச் சாணம் கிடந்ததா என்று ஆரம்பித்தால் பிள்ளை பேசும். அந்தப் பேச்சே உங்கள் முதல் பதிவு: முழு வாக்கியமாகப் பேசுகிறதா, ஒற்றைச் சொல்லில் முடிக்கிறதா, எந்த மொழியில் பேச்சு சரளமாக வருகிறது.

அரசுப் பள்ளியில் அடிப்படை வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான ‘எண்ணும் எழுத்தும்’ முறை உங்களுக்குப் பயிற்சியிலேயே தெரிந்திருக்கும். 2022-23ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் பிள்ளையை வைப்பது வகுப்பைப் பார்த்து அல்ல, அதற்கு இப்போது என்ன தெரியும் என்பதைப் பார்த்து. இது ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அந்த நிலையை முடிவு செய்யும்போது சென்ற ஆண்டுப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். ஏப்ரலில் மொட்டாக இருந்த பிள்ளை இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாமல் இருந்துவிட்டு ஜூனில் வருகிறது, நீங்களே ஒருமுறை கேட்டுவிட்டு வையுங்கள்.

வாசிப்பை எப்படிக் கேட்பது

ஒரு அட்டையில் ஐந்து படி எழுதிக்கொள்ளுங்கள்: தனி எழுத்துகள், இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள், நான்கு சொல் வாக்கியம், ஐந்தாறு வரிப் பத்தி, சின்னக் கதை. சொற்களிலிருந்து தொடங்குங்கள். சுலபமாக வந்தால் மேலே போங்கள், தடுக்கினால் எழுத்துக்கு இறங்குங்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள். ஒன்றாம் வகுப்புப் பாடத்தை முழுவதும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள், விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பாடநூலைத்தான் வாசிக்கவைக்க வேண்டும் என்றால் படத்தைக் கையால் மூடிவிட்டு, நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன கண்ணு?’ என்று கேளுங்கள். பஸ் போர்டும் இதே மாதிரிதான். குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் என்று போர்டைப் பார்த்துச் சொல்கிற பிள்ளை அந்தச் சொல்லை ஒரு படமாகவே தெரிந்து வைத்திருக்கலாம். உடனே குன்று, கோலம், மஞ்சள் என்று எழுதிக் காட்டுங்கள். அவற்றையும் வாசித்தால் எழுத்து தெரிகிறது, இல்லையென்றால் பஸ் மட்டும் தெரிகிறது.

வாசிக்கும்போது குறுக்கே திருத்தாதீர்கள். இது புதியவர்களுக்குக் கஷ்டமான விஷயம், வாய் தானாகவே சொல்லிக்கொடுத்துவிடும். பென்சிலை எடுத்து, பிள்ளை எப்படிச் சொன்னதோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ‘கொக்கு குளத்தில் மீன் பிடித்தது’ என்ற வரியை ஒரு பிள்ளை ‘கெக்கு குலத்தில் மின் பிடித்தது’ என்று வாசித்தால் அதில் மூன்று வேறு சேதிகள் இருக்கின்றன. ‘கொ’வில் முன்னால் இருக்கிற ஒற்றைக் கொம்பைப் பார்த்தது, பின்னால் இருக்கிற துணைக்காலைப் பார்க்கவில்லை, ஆக எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வரும் என்பது இன்னும் பதியவில்லை. ‘மீ’யும் ‘மி’யும் கலக்கிறது, குறில் நெடில் பயிற்சி வேண்டும். ‘குலம்’ மட்டும் வேறு வகை. அந்தப் பிள்ளை பேசும்போதும் ளகரத்தை லகரமாகத்தான் சொல்கிறதா என்று கவனியுங்கள். பேச்சிலேயே அப்படி என்றால் அது உச்சரிப்பு, பிள்ளைக்கு எழுத்து தெரிந்திருக்கலாம். ல, ள, ழ மூன்றையும் அட்டையில் வைத்து, ‘குளத்துக்கு வருகிற எழுத்தைத் தொடு’ என்று கேட்டால் தெளிவாகிவிடும். ‘வாசிப்பு சுமார்’ என்று ஒரு வார்த்தை எழுதி வைத்தால் இந்த மூன்றும் காணாமல் போய்விடும்.

பத்தி வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு ஒரு எளிய கணக்கு. ஐம்பது சொல் உள்ள பத்தியில் தடுக்கல் இரண்டுக்குள் என்றால் தனியாகவே வாசிக்கவிடலாம். மூன்று முதல் ஐந்து என்றால் நீங்கள் பக்கத்தில் இருந்து வாசிக்கவைக்க ஏற்றது. அதற்கு மேல் போனால் அந்தப் பத்தி இப்போதைக்குக் கனம், எளிதான ஒன்றைத் தேடுங்கள். வேகத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். 2021ல் ஒன்றிய அரசு அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொல் என்று பொதுவாக இலக்கு வைத்தது. ஆனால் ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல், அதையும் ‘பூ’வையும் ஒன்று ஒன்று என்று எண்ணினால் நியாயமாக இருக்காது. 2022ல் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் (என்சிஇஆர்டி) மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் அடிப்படைக் கற்றல் ஆய்வு நடத்தியபோது வாசிப்பு அளவுகோலை மொழிக்கு மொழி தனியாகத்தான் வகுத்தது. கையில் ஸ்டாப்வாட்ச் பார்த்தால் பிள்ளையும் ஓட்டமாக வாசிக்கும், முடித்ததும் கதை என்ன என்று கேட்டால் முழிக்கும்.

ஆகவே வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி போதும். ஒன்று, பதில் பத்தியிலேயே இருப்பது. இன்னொன்று ‘ஏன் அப்படிச் செய்தது?’ என்பது மாதிரி, பிள்ளையே யோசித்துச் சொல்ல வேண்டியது.

கணக்கில் விடையை விட வழி முக்கியம்

இரண்டாம், மூன்றாம் வகுப்பில் 42 – 17 கொடுங்கள். ஒருவர் 35 என்று எழுதுவார், இன்னொருவர் 26, மூன்றாமவர் 59. மூன்றும் தப்பு, மதிப்பெண் மூன்றுக்கும் பூஜ்யம். ஆனால் மூவரையும் கூப்பிட்டு ‘எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்லேன்’ என்று கேட்டுப் பாருங்கள். 35 போட்ட பிள்ளை, ‘ஏழுல ரெண்டு போனா அஞ்சு, நாலுல ஒண்ணு போனா மூணு’ என்று சொல்லும். அதற்குக் கழித்தல் தெரியும், பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க முடியும் என்று வைத்திருக்கிறது, பத்தை உடைத்து ஒன்றுகளாக மாற்றுவது மட்டும் பிடிபடவில்லை. 26 போட்ட பிள்ளைக்கு எல்லாமே தெரியும், விரலில் எண்ணும்போது ஒன்று தவறிவிட்டது. 59 போட்டது குறியையே பார்க்காமல் கூட்டியிருக்கிறது. முதல் பிள்ளைக்கு நாளை பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள் வேண்டும், இரண்டாவதுக்கு எண்ணிப் பழக இன்னும் கொஞ்சம் பயிற்சி, மூன்றாவதுக்குக் கணக்கைத் தொடங்குமுன் குறியை வட்டமிடுகிற பழக்கம். மூவருக்கும் சேர்த்துக் கழித்தல் பாடத்தை முதலிலிருந்து மறுபடி நடத்தினால் மூவருக்குமே நேரம் வீண்.

முந்நூற்று ஐந்தை எழுதச் சொல்லி 3005 என்று வந்தால், அதுவும் இதே ரகம்தான். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது, முந்நூறு, பிறகு ஐந்து. இடமதிப்பு குச்சிக் கட்டோடு கையில் பிடித்துப் பழகாமல் தாளில் மட்டும் பழகினால் இது ஐந்தாம் வகுப்பு வரை வரும்.

பொருளுக்குக் கடைக்குப் போக வேண்டாம். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) காய்கள் பள்ளிக்கூடத்து மண்ணிலேயே கிடக்கும், காய்ந்த குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு வைத்தால் வருடம் முழுவதும் ஓடும். வாய்க்கணக்கையும் பிள்ளையின் வீட்டிலிருந்தே எடுங்கள். அம்மா காலையில் 18 கிலோ தேயிலை பறித்தார், மத்தியானம் 14 கிலோ, ஈரத்துக்கு 2 கிலோ கழித்தார்கள், எத்தனை கிலோவுக்குக் காசு வரும்? தாளில் கூட்டலுக்குத் திணறுகிற பிள்ளை இதற்கு வாயாலேயே பதில் சொல்வதைப் பார்க்கலாம். அப்படிச் சொன்னால், கணக்கு தெரியும், எழுதும் முறைதான் பழகவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்லாத பிள்ளை

நீலகிரியில் ஒரே வகுப்பில் எத்தனை வீட்டு மொழி இருக்கும் என்பது வந்த புதிதில் பிடிபடாது. படுகு பேசுகிற பிள்ளை, பணியர், காட்டுநாயக்கர், இருளர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகள், பந்தலூர் பக்கம் மலையாளம், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தோட்டக் குடும்பங்களின் தமிழ், இப்போது ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் வேறு. நீங்கள் கேட்ட கேள்வி புரியாமல் ஒரு பிள்ளை பேசாமல் நின்றால் அதைத் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் முதல் மாதம் விழுந்த அந்த முத்திரை ஐந்தாம் வகுப்பு வரை கூடவே போகும்.

சொல்ல வேண்டிய கேள்வியைச் செய்ய வேண்டியதாக மாற்றுங்கள். ‘இது எத்தனை?’ என்று கேட்பதற்குப் பதில் ‘பன்னிரண்டு காய் எடுத்து வா’ என்று கையைக் காட்டுங்கள். கதை புரிந்ததா என்று பார்க்கப் படங்களைக் கலைத்துப் போட்டு வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வீட்டு மொழியில் பதில் வந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், அதே ஊரைச் சேர்ந்த பெரிய பிள்ளையோ சமையல் செய்கிற அக்காவோ என்ன சொன்னது என்று சொல்வார்கள். நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்: ‘கதை புரிந்தது, தமிழில் சொல்ல இன்னும் வரவில்லை’. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

புது ஆளிடம் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு. தனியாகக் கூப்பிட்டால் இன்னும் சுருங்கிப் போவார்கள், தோழியோடு சேர்த்து இரண்டு பேராக உட்காரவையுங்கள், அல்லது மைதானத்தில் விளையாடும்போது கட்டம் போட்டு எண்களைத் தாண்டச் சொல்லிப் பாருங்கள். பலர் ஒரு மாதம் கழித்துத்தான் பேசுவார்கள், அதுவரை அந்தப் பக்கம் காலியாகவே இருக்கட்டும், பூஜ்யம் போட வேண்டாம்.

கண்ணையும் காதையும் மறக்காதீர்கள். கரும்பலகையிலிருந்து தப்பாக எழுதுகிற பிள்ளை புத்தகத்தைப் பார்த்துச் சரியாக எழுதினால் அது பார்வைக் கோளாறாக இருக்கலாம். சளி பிடித்துக் காது ஒழுகுகிற பிள்ளைக்குச் சொல்வதெழுதுதல் வைத்தால் ‘கடல்’ ‘கடன்’ ஆகத்தான் வரும். பள்ளிக்கு வருகிற நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்ட, இந்தப் பிள்ளைகளின் பெயரை முன்பே எழுதி வையுங்கள். சந்தேகம் வேறு மாதிரி இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், கேளுங்கள். நீங்களாகக் குறைபாட்டுப் பெயர் எதையும் சூட்டிவிடக் கூடாது.

மழை, குளிர், வெளிச்சம்

சமவெளிக்காரர்கள் யாரும் உங்களுக்குச் சொல்லாதது இது. ஜூலை, ஆகஸ்டில் கூடலூர்ப் பக்கம் மழை தகரக் கூரையில் அடிக்கும்போது ஒரு பிள்ளை மெல்லிய குரலில் வாசிப்பது உங்களுக்கே கேட்காது. அன்றைக்கு வாசிப்பை விட்டுவிட்டு, எழுத்து வேலையோ கைக்கணக்கோ பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி, குந்தாப் பக்கம் உறைபனி விழுகிற காலையில் முதல் பாடவேளையில் சொல்வதெழுதுதல் வைத்தால் கையெழுத்து கோணலாகத்தான் வரும், விரல் விறைத்திருக்கும். வெயில் ஏறி, பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றத் தொடங்கிய பிறகு வையுங்கள். மஞ்சு இறங்கி அறை இருட்டாகிவிட்டால் கரும்பலகை வேலை வேண்டாம்.

மழை விடுமுறை, வழியில் யானை நிற்கிறது, வீட்டில் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை என்று பிள்ளைகள் வராமல் போவதும் சேர்ந்து வரும். ஒரு வாரம் கழித்து வந்த பிள்ளையிடம், விட்ட பாடத்தைத் தொடங்குமுன், முன்பு தெரிந்தது இப்போதும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

நோட்டு

ஒரே ஒரு நீள நோட்டு, பிள்ளைக்கு இரண்டு பக்கம். தேதி, என்ன கொடுத்தேன், பிள்ளை என்ன செய்தது, அடுத்து என்ன. இப்படி இருந்தால் போதும்:

‘ஜூலை 8. மூன்றெழுத்துச் சொல் பத்தில் எட்டு வாசித்தாள். கொ, கோ இரண்டையும் கெ, கே என்கிறாள். அடுத்து: கொக்கு, கொடி, கோழி அட்டை விளையாட்டு, இரண்டு நாள்.’

‘நன்று’, ‘முயற்சி தேவை’ என்றெல்லாம் எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே அதில் ஒன்றும் புரியாது. மாதம் ஒருமுறை பிள்ளையே எழுதிய ஒரு தாளை, தேதி போட்டு, பழைய காலண்டர் அட்டைக்குள் வையுங்கள். ஜூன் தாளையும் நவம்பர் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதற்கு நிகரான ஊக்கம் எந்த நட்சத்திர ஸ்டிக்கரிலும் கிடையாது.

பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரம் ஏற்றுகிற எமிஸ் செயலியில் பதிவேற்ற வேண்டியது தனி வேலை. முதலில் நோட்டில் எழுதுங்கள், சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்ததும் அதிலிருந்து ஏற்றுங்கள். நெட்வொர்க் வருகிற நேரத்தில் அவசரமாக நினைவிலிருந்து ஏற்றும்போதுதான் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி விழுகிறது.

திங்கள் முதல் வியாழன் வரை தினம் இரண்டு பிள்ளையைக் கேட்டால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் நோட்டைப் புரட்டுங்கள். யார் யாருக்கு ஒரே சிக்கல் இருக்கிறதோ அவர்களை அடுத்த வாரம் ஒன்றாக உட்காரவையுங்கள், வகுப்பு எதுவானாலும் பரவாயில்லை. குழு நிரந்தரமாகிவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் இடம் மாற வேண்டும், ஒருவருமே மாறவில்லை என்றால் சொல்லித்தருகிற முறையை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பருவத் தேர்வு

தமிழ்நாட்டில் 2012-13ல் முப்பருவ முறை வந்தபோது பருவம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் தொடர்ச்சியான மதிப்பீடு, அச்சமில்லாத வகுப்பறை என்ற இரண்டையும் 29ஆம் பிரிவில் சேர்த்தே சொல்கிறது. தொகுத்தறித் தேர்வை வழக்கப்படி நடத்துங்கள், ஆனால் விடையைச் சொல்லிக்கொடுத்து நல்ல எண் காட்ட வேண்டாம். அடுத்த பருவத்தில் அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்பதே மறைந்துபோகும். கணக்குத் தாளில் கேள்வியை வாசிக்க முடியாத பிள்ளைக்கு நீங்கள் வாசித்துக் காட்டி, ‘கேள்வி வாசித்துக் காட்டப்பட்டது’ என்று நோட்டில் குறியுங்கள். மதிப்பெண்ணை வகுப்பில் சத்தமாகப் படிக்காதீர்கள், ராங்க் வேண்டவே வேண்டாம்.

பெற்றோரிடம்

வேலை நாளில் கூட்டம் வைத்தால் இலை பறிக்கிறவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும். சாயங்காலம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பக்கம் நடந்துபோய்ப் பேசுங்கள். ‘உங்க பையன் மொட்டு நிலையில் இருக்கான்’ என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ‘போன மாசம் எழுத்துதான் தெரிஞ்சுது, இப்ப ரெண்டு வரி வாசிக்கிறான் அக்கா, ராத்திரி அஞ்சு நிமிஷம் அவன் வாசிக்கிறதை உட்கார்ந்து கேளுங்க, உங்களுக்குப் படிக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு, பிள்ளையை அங்கேயே இரண்டு வரி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். குறையை முதல் தடவையே சொல்லாதீர்கள். பல வீடுகளில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தாலே அடி விழும் என்று பிள்ளை பயந்துகொண்டிருக்கும்.

மாறுதல் வரும்போது

இங்கே வருகிறவர்கள் பலர் சில ஆண்டுகளில் மாறுதல் கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். போவதில் தப்பில்லை, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பிள்ளைக்கு ஐந்து வரி எழுதுங்கள்: எந்தப் படியில் வாசிக்கிறது, கணக்கில் எது தெரியும், எங்கே சிக்குகிறது, எந்த மொழியில் பேசினால் திறக்கிறது, எது பிடிக்கும். கண், காது பிரச்சினை இருந்தால் யாரிடம் காட்டியது, என்ன சொன்னார்கள் என்பதும் வேண்டும். அதைத் தலைமை ஆசிரியர் கையில் கொடுத்து, ஒருமுறை உட்கார்ந்து வாசித்தும் காட்டிவிட்டுக் கிளம்புங்கள், பீரோவுக்குள் வைத்துவிட்டுப் போனால் ஜூன் மாதம் யாரும் அதைத் தேடி எடுக்கப் போவதில்லை.